பெரியவீடு குழு: ஞாயிறு காதுகுத்து

பிரியா: ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பினால்தான் அழகர்கோயிலில் வெயிலுக்கு முன் மொட்டை முடியும். யார் யார் எந்த வண்டி? இன்னைக்கே சொல்லிவிடுங்கள்.

செல்வி அத்தை: அப்பத்தா தாத்தா வண்டியில்தான் வருமாம். வேனில் ஏறாதாம்.

முருகன் சித்தப்பா: அந்த மாருதி 800 சிக்னலுக்குச் சிக்னல் அணைகிறது. நேற்று நாகல் நகர் ரவுண்டானாவில் நான்தான் தள்ளினேன்.

பெரியப்பா: 1998 மாடல். இத்தனை வருஷத்தில் ஒரு குறை கிடையாது.

முருகன் சித்தப்பா: கார்த்தி கை வைக்கும் வரை.

கார்த்தி: ஆயில் கேட்ச் கேன்தான் போட்டேன் சித்தப்பா. ஏர் ஃபில்டர் பெட்டி முழுக்க ஆயில் கிடந்தது, அதைப் பிடித்து வைக்க.

அப்பா: என்ன கேன்? தண்ணீர் கேனா?

முருகன் சித்தப்பா: 20 லிட்டர் 😄

ராஜு மாமா: கார்த்தி, எஞ்சின் தலைமேல் இருக்கும் டேப்பெட் கவரில் இருந்து போகும் ஹோஸ் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு.

கார்த்தி: [படம்]

செல்வி அத்தை: சரி, பாடம் ஆரம்பம். நான் சமையல் முடித்துவிட்டு வருகிறேன்.

ராஜு மாமா: பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்கு இறங்கும். பேக் கம்ப்ரஷன் என்கிறோமே, அதுதான். புது எஞ்சினிலும் கொஞ்சம் உண்டு. வெளியேற வழி இல்லையென்றால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அந்தக் காலத்தில் வண்டிக்கு அடியில் ஒரு குழாயைத் தொங்கவிட்டு ரோட்டிலேயே விட்டார்கள். காலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் இருந்துதான் அதை மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்க்கு, திருப்பி எரிப்பது பரவலானது.

அப்பா: மாப்பிள்ளை, காலிஃபோர்னியா வேண்டாம். நத்தம் தாண்டினால் போதும்.

ராஜு மாமா: வருகிறேன் மச்சான். கார்த்தி, மேனிஃபோல்டு பக்கம் அந்த ஹோஸில் அந்த வாயுவை அளந்து விடுகிற பிசிவி வால்வு ஒன்று இருந்திருக்குமே, எங்கே?

கார்த்தி: அடைத்திருந்தது மாமா. கழற்றிவிட்டேன். கேன் போட்டால் அது தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னான்.

பெரியம்மா: வீடியோ பார்த்துத்தான் என் மிக்ஸியையும் கழற்றினான்.

ராஜு மாமா: கேன் மேல் இருப்பது குட்டி ஃபில்டரா?

கார்த்தி: ஆமாம், மூச்சு விட.

ராஜு மாமா: யார் மூச்சு விட? ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது த்ராட்டில், அதாவது காற்று போகும் கதவு, மூடியிருக்கும். மேனிஃபோல்டு இழுப்பு அப்போதுதான் அதிகம். அந்த இழுப்பில் வால்வுக்குள் இருக்கும் ஊசி நகர்ந்து கொஞ்சம் சந்து மட்டும் விடும். கார்புரேட்டரில் ஐட்லிங் வைப்பதே அந்தக் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான். நீ வால்வை எடுத்துவிட்டாய். இப்போது ஃபில்டர் வழியாக வெளிக்காற்று முழு ஹோஸ் அளவுக்கு உள்ளே போகிறது. முதல் நாள் வண்டி உறுமியிருக்குமே?

கார்த்தி: ஆமாம். ஐட்லிங் ஸ்க்ரூவை நன்றாகக் குறைத்துவிட்டேன்.

ராஜு மாமா: அதைத்தான் கேட்க வந்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஐட்லிங்கில் விட்டு, கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஹோஸைத் துணி சுற்றிப் பிளையரால் நசுக்கு.

செல்வி அத்தை: கார்த்தி, தோடு வாங்கியாச்சா? பிரியாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, மடியில் உட்கார வைக்கிற தாய்மாமன் நீதான்.

பெரியம்மா: வாங்கியாச்சு. நிறைவாகவே செய்கிறோம்.

செல்வி அத்தை: நல்லது. என் மகனுக்குத்தான் அரைப் பவுன்கூட வரவில்லை.

பெரியம்மா: அந்த வருஷம் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

முருகன் சித்தப்பா: அண்ணே, நான் படித்துவிட்டேன்.

கார்த்தி: நசுக்கினேன் மாமா. உடனே ஆஃப்.

ராஜு மாமா: பார்த்தாயா. ஸ்க்ரூவை மூடிவிட்டு வண்டி அந்தத் திருட்டுக் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் பத்தாது, அதனால்தான் கால் எடுத்ததும் அணைகிறது. ஃபில்டரைக் கழற்றி அந்த ஓட்டையை அடை. வால்வைக் கார்ப் கிளீனரில் கழுவிக் குலுக்கிப் பார், கடகடவென்று சத்தம் வந்தால் திரும்பப் போடலாம். வராவிட்டால் புதுசு வாங்கு. அம்புக்குறி இருந்தால் மேனிஃபோல்டு பக்கம் பார்க்க வேண்டும். கேன் இருக்கட்டும், அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

பிரியா: அப்பத்தாவுக்குப் போன தடவை அந்த நாற்றத்தில்தான் வாந்தி வந்தது.

ராஜு மாமா: அதுவும் இந்த ஃபில்டர்தான். பேக் கம்ப்ரஷன் புகை பானெட்டுக்குள் சுற்றி, காற்று வரும் வழியில் உள்ளே வருகிறது. இன்னொன்று, கார்புரேட்டரில் பேக் ஃபயர் அடித்தால் தீ கிராங்க் கேஸுக்குள் போகாமல் தடுப்பதும் அந்த வால்வுதான்.

அப்பா: இதை முதலில் சொல்லியிருக்கலாம்.

அப்பத்தா: [குரல் பதிவு 1:12]

முருகன் சித்தப்பா: யாராவது கேட்டு எழுதுங்கள், நான் பேங்கில் இருக்கிறேன்.

பிரியா: தாத்தா வண்டியை விற்கப் போகிறீர்களா என்று கேட்கிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை அப்பத்தா.

முருகன் சித்தப்பா: விற்பதென்றால், 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது காசு கொடுத்தது யார் என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: முருகா.

கார்த்தி: வால்வு பழைய டப்பாவில் இருந்தது. கழுவிப் போட்டேன், ஓட்டையை அடைத்தேன், ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தேன். ஐட்லிங் நிற்கிறது! ஹெட்லைட் போட்டும் அணையவில்லை.

ராஜு மாமா: எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் வாய்மேல் ஒரு பேப்பர் வை.

கார்த்தி: ஐட்லிங்கில் ஒட்டுகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பறக்கிறது.

ராஜு மாமா: வால்வு வேலை செய்கிறது. ஆனால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏர் ஃபில்டருக்கு ஆயில் ஏறியதும் அதனால்தான். கேன் பிடித்து வைக்கும், சரி செய்யாது. எஞ்சினை இறக்க வேண்டியிருக்கும்.

பெரியப்பா: ரிங் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. நான் 60-க்கு மேல் ஓட்டியதே இல்லை.

ராஜு மாமா: நீங்கள் ஓட்டவில்லை மச்சான். கார்த்தி?

கார்த்தி: மாமா, ஆட்டுக்கறி எத்தனை கிலோ சொல்லியிருக்கிறோம்?

பிரியா: அதை விடு. அப்பத்தா எதில் வருகிறது?

அப்பா: 800-லேயே வரட்டும். பின்னாலேயே வேனும் வரட்டும்.

செல்வி அத்தை: அப்படியென்றால் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கவா, வேண்டாமா?

முருகன் சித்தப்பா: 👍

செல்வி அத்தை: எதற்கு இந்தக் கட்டைவிரல்? கொடுக்கவா, வேண்டாமா?