புதுப்பிப்பு: வண்டலூர் தாண்டிய எங்கள் ஊருக்கு இரவு பஸ் மீண்டும் வருகிறது

தாம்பரத்திலிருந்து எங்கள் ஊராட்சிக்கு வந்த கடைசி இரவு பஸ் சொல்லாமல் நின்றுபோனது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மனுக்களுக்கு "பரிசீலிக்கப்படும்" என்ற பதில்தான் வந்தது. பலித்தது தகவல் அறியும் உரிமைச் சட்ட யோசனை. போக்குவரத்துக் கழகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பம் போதும். ஆனால் "ஏன் பஸ் வரவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள். அதனால் கால அட்டவணையின் நகலையும், மாதவாரியாக ரத்தான நடைகளின் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அட்டவணையில் எங்கள் நடை அப்படியே இருந்தது, ஓட்டாமலே விட்டிருக்கிறார்கள்! அந்த நகலை அக்டோபர் 2 கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டோம். அப்புறம்தான் பஸ் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: இப்போது வருவது டீலக்ஸ். பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். இரவு வேலை முடித்து வரும் அக்காக்கள் காசு கொடுத்துத்தான் ஏறுகிறார்கள், இது நியாயமே இல்லை. சாதாரண பஸ்ஸாக மாற்றக் கேட்டு அடுத்த மனு கொடுத்திருக்கிறோம்.