கேஷ் நம் காசுதானா?

கல்லாப்பெட்டி: காலையிலிருந்து சுற்றும் செய்தியைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஆங்கில ‘கேஷ்’ நம் ‘காசு’விலிருந்து போனதாம். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக வந்தது. மூலம் லத்தீன் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. நாமும் “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்றுதானே கேட்கிறோம்?

வெண்பாப்பித்தன்: நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பா முடியும். பள்ளியில் படிக்கவில்லையா? ராசராசன் கல்வெட்டிலேயே காசு இருக்கிறது. அப்போது லண்டனில் கேஷ் இருந்ததா?

கல்லாப்பெட்டி: காசு பழையது இல்லை என்று யார் சொன்னது? கேஷ் 1590களிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல்.

வெண்பாப்பித்தன்: போர்ச்சுகீசியர் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார்கள் ஐயா. தாத்தா வைத்திருந்த 1808ஆம் வருடத்துச் செப்புக்காசு இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் ‘20 கேஷ்’. இதற்கு என்ன பதில்?

கல்லாப்பெட்டி: அது வேறு சொல்! சென்னையில் அன்று 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சில்லறைக் கேஷ் நம் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழி போனதுதான். சதுர ஓட்டை போட்ட சீனக் காசையும் வெள்ளைக்காரன் அதே பெயரில்தான் அழைத்தான். ரொக்கக் கேஷ் வேறு. எழுத்து ஒன்று, பிறப்பு இரண்டு.

தாமிரபரணியான்: காசே வடமொழி ‘கர்ஷ’ என்கிறார்களே?

வெண்பாப்பித்தன்: வந்துவிட்டார்! அரிசி, ரைஸ் சண்டையிலும் இப்படித்தான் குறுக்கே விழுந்தார்.

தாமிரபரணியான்: அதில் நீங்கள் பாதியிலேயே காணாமல் போனீர்கள்.

வெண்பாப்பித்தன்: வீட்டில் கல்யாண வேலை. ஓடிப்போகவில்லை.

கல்லாப்பெட்டி: அரிசி கிடக்கட்டும் சார். 1590களுக்குப் பதில்?

வெண்பாப்பித்தன்: என் கையில் இருப்பதுதான் பதில். கேஷ் என்று அச்சடித்திருக்கிறது.

கல்லாப்பெட்டி: 1808இல் அடித்த காசு 1590களுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

வெண்பாப்பித்தன்: முதலில் உங்கள் ‘கல்லா’ எந்த மொழிச் சொல் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.