‘முன்னேற்பாட்டு வீடு’: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, குறிப்பாக வயதான அப்பா அம்மாவை உடன் வைத்திருப்பவர்களுக்காக, அங்குள்ள நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கட்டட விதிகளை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ‘அடாப்டபிள்’ வீடு, அதாவது பின்னால் தேவைப்படும்போது எளிதாக மாற்றிக்கொள்ள வசதியாகக் கட்டிய வீடு, என்பதற்குத்தான் நாம் சில நாட்களாகச் சொல் தேடுகிறோம். ‘மாற்றுத்திறனாளி வீடு’, ‘அணுகல் வீடு’, ‘தகவமை வீடு’ என்று மூன்று சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. என் பரிந்துரை ‘முன்னேற்பாட்டு வீடு’. ஏன் என்பதைச் சட்டத்திலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன். விதி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் சொல் தேடினால் எந்தச் சொல்லும் பொருத்தமாகத்தான் தெரியும்.

1968-ல் இந்தச் சட்டம் வந்தபோது இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பதைத்தான் தடுத்தது. உடற்குறையும் மனக்குறையும் 1988 திருத்தத்தில்தான் சேர்ந்தன. கூடவே கட்டுமானத்துக்கும் விதிகள் வந்தன. 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதல் குடியேற்றத்துக்காகக் கட்டிய, நான்கு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு அவை பொருந்தும். லிஃப்ட் இருந்தால் எல்லா வீடுகளுக்கும், இல்லாவிட்டால் தரைத்தள வீடுகளுக்கு மட்டும். விதிகள் ஏழு. படியில் ஏறாமல் உள்ளே வர ஒரு வாசல், பொதுவிடங்கள் எல்லோருக்கும் எட்டுவது, போதிய அகலமுள்ள கதவுகள், வீட்டுக்குள் தடையில்லாத வழி, கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்சுகள், பிடிகம்பியைத் தாங்கும் குளியலறைச் சுவர், சக்கர நாற்காலியோடு புழங்க முடிகிற சமையலறையும் குளியலறையும்.

இப்போது ‘மாற்றுத்திறனாளி வீடு’ ஏன் கூடாது என்பது விளங்கும். பத்து மாடி லிஃப்ட் கட்டடத்தில் அத்தனை வீடுகளும் இந்த விதிக்குள் வருகின்றன. அவற்றில் கல்லூரி மாணவர் இருப்பார், புதிதாகக் கல்யாணமானவர்கள் இருப்பார்கள். யாருக்கும் ஒதுக்கப்பட்ட வீடுகள் அல்ல அவை. அந்தப் பெயரைக் கேட்டால் ஒருவர், ‘அது நமக்கில்லை’ என்று நகர்ந்துவிடுவார். முட்டியில் ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வரும் அம்மாவுக்கும் அந்த வீடுதான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

என் பரிந்துரைக்கு ஆதாரம் அந்தச் சுவர் விதிதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குளியலறையில் பிடிகம்பி வைத்துக் கொடு என்று கட்டுபவரிடம் சட்டம் சொல்லவில்லை. யாருக்காவது பின்னால் கம்பி தேவைப்பட்டால், அதைப் பொருத்த முடிகிற மாதிரி சுவரைப் பலப்படுத்தி வை என்றுதான் சொல்கிறது. செங்கல் சுவரோடு பழகிய நமக்கு இது உடனே பிடிபடாது. நம் ஊரில் நாலு துளை போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்கினால் கம்பி நின்றுவிடும். அங்கே அடுக்ககங்களின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, இருபுறமும் ஜிப்சம் பலகை அடித்தது. நடுவில் பொள்ளல். அந்தப் பொள்ளலின் மேல் முடுக்கிய கம்பியை, வழுக்கி விழப்போகிற ஒருவர் பற்றினால், கம்பி பலகையைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். பிடிகம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்பது அங்குள்ள தரவிதி. அதனால் சுவரை மூடுவதற்கு முன்பே, கழிப்புத் தொட்டியையும் குளியல் தொட்டியையும் ஒட்டிய இடங்களில், மரச்சட்டங்களுக்கு நடுவே தடித்த கட்டையோ பிளைவுட்டோ வைத்து அடிக்கிறார்கள். அதற்கு மேல் ஜிப்சம், அதற்கு மேல் டைல். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தக் கட்டைக்கு ‘உட்பலகை’ என்று எழுதியிருக்கிறேன்.

யார் வருவார்கள் என்று தெரியாமலே, வருபவருக்குத் தேவைப்படலாம் என்று எண்ணி, கட்டும்போதே செய்துவைக்கும் வேலை இது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ‘முன்னேற்பாடு’ என்ற சொல் இருக்கிறது. மழைக்கால முன்னேற்பாடு, தேர்தல் முன்னேற்பாடு என்று செய்தித்தாளில் அன்றாடம் படிக்கிறோம். விளக்கம் கேட்காமலே புரிகிறது. முன்னேற்பாட்டுச் சுவர், முன்னேற்பாட்டு வடிவமைப்பு என்று தேவைக்கேற்ப நீளவும் செய்கிறது.

‘மாற்றத்தகு வீடு’ போதாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். சுவரை உடைத்தால் எந்த வீட்டையும் மாற்றலாமே! உடைக்காமல் மாற்ற முடிய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

‘தகவமை வீடு’ பார்வைக்கு அழகான சொல். ஆனால் தகவமைப்பு என்பதைப் பள்ளி அறிவியல் பாடத்திலேயே ஒட்டகத்துக்கும் கள்ளிக்கும் கொடுத்துவிட்டோம். உயிர் தன் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வது அது. நாம் பேசுகிற வீட்டில் சூழல்தான் மனிதருக்கு இடம்கொடுக்க வேண்டும். நாற்காலியில் வருபவர் தன்னை வீட்டுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்ற பொருள் மறைமுகமாகக்கூட இதில் வரக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்த உட்பலகையின் அருமை வாடகைக்காரருக்குச் செலவில் தெரியும். தனியார் வாடகை வீட்டில் உடற்குறையுள்ளவர் தன் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துகொள்ள உரிமையாளர் அனுமதிக்க வேண்டும், ஆனால் செலவு வாடகைக்காரருடையது. உட்பலகை இருந்தால் கம்பி விலையும் கூலியும் மட்டும்தான். இல்லையென்றால் டைலைப் பெயர்த்து, சுவரைத் திறந்து, கட்டை வைத்து, மூடி, மறுபடி டைல் ஒட்ட வேண்டும். காலி செய்யும்போது பழையபடி ஆக்கிக்கொடு என்று உரிமையாளர் நியாயமான அளவில் கேட்கலாம். கம்பியைக் கழற்றி ஓட்டையை அடைக்கச் சொல்லலாம். உள்ளே வைத்த கட்டையையும் எடு என்று கேட்க முடியாது. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அடுத்து வருபவருக்கு உதவவும் கூடும் என்று விதிமுறையின் எடுத்துக்காட்டே சொல்கிறது. அகலப்படுத்திய கதவை மறுபடி குறுக்கச் சொல்லவும் முடியாது. 1991-க்குப் பிந்தைய, விதிக்கு உட்பட்ட கட்டடத்தில் உட்பலகையே இல்லை என்றால் கதை வேறு. அது கட்டியவரின் மீறல். இதைத் தமிழில் தெளிவாக எழுதிவைத்தால், தேவையில்லாமல் கைக்காசைப் போட்டுச் சுவரை உடைக்கப் போகும் ஒரு குடும்பமாவது நின்று கேட்கும். அரசு நிதி பெறும் வீடுகளுக்கு 1973-ன் மறுவாழ்வுச் சட்டம் 504-வது பிரிவு வருகிறது. அங்கே இத்தகைய மாற்றச் செலவு பொதுவாக வீடு கொடுப்பவருடையது.

அடுத்தது ‘அணுகல்’. கைப்பேசியிலும் இணையத்திலும் அது நிலைத்துவிட்டது, அங்கே இருக்கட்டும். வீட்டுக்கு வரும்போது ‘அணுகத்தக்க வீடு’ என்றால் பக்கத்தில் உள்ள வீடு என்று தோன்றுகிறது. வாசல், வழி, பொதுவிடம் ஆகியவற்றுக்குத் ‘தடையிலா’ என்ற அடையே போதும்: தடையிலா வழி, தடையிலா வாசல். ஆனால் சமையலறைக்கும் குளியலறைக்கும் வரும்போது விதியின் மொழியே மாறுகிறது. ‘யூஸபிள்’ என்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்த இடத்தில் போய்வந்து வேலை பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான். மேடையின் உயரத்தை எல்லாம் இந்தச் சட்டம் மாற்றச் சொல்லவில்லை. இந்தக் குறைந்தபட்சத்தைச் சொல்ல நமக்குப் ‘புழங்கு’ இருக்கிறது. புழங்கும் இடம், புழங்கும் பாத்திரம், புழங்கத் தோதான அடுப்படி என்று வீட்டில் வழங்குகிற சொல். ஆகவே ‘புழங்கத்தக்க சமையலறை’.

இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷ்பேசின் முன்னால் சக்கர நாற்காலி நிற்க 30-க்கு 48 அங்குலம் காலியிடம் விட வேண்டும். இதற்குக் ‘கிளியர் ஃப்ளோர் ஸ்பேஸ்’ என்று பெயர். ‘தெளிவான தரை இடம்’ என்று ஓரிடத்தில் மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். படிப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ‘புழங்குவெளி’ என்று வைக்கலாம். எதிரெதிர் மேடைகளுக்கு இடையே 40 அங்குலம் வேண்டும், ‘ப’ வடிவச் சமையலறையின் மூடிய பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியோ அடுப்போ இருந்தால் நாற்காலி திரும்ப 60 அங்குல விட்டம் வேண்டும். அந்த வட்டத்துக்கு ‘திரும்பிடம்’.

கதவில் ஒரு பெரிய குழப்பம் உண்டு, அதற்கும் சொல் வேண்டும். கதவு 32 அங்குலம் என்று விதியில் இருப்பதைப் படித்துவிட்டு 32 அங்குலக் கதவை வாங்கி மாட்டினால் விதி மீறியதாகிவிடும். கதவை 90 பாகை திறந்துவைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலையின் தட்டுக்கட்டை (மூடும்போது கதவு முட்டி நிற்கும் கட்டை) வரை அளப்பதுதான் அந்த 32. கதவின் கனமும் தட்டுக்கட்டையும் ஏறக்குறைய இரண்டு அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். அதனால் 34 அங்குலக் கதவுதான் போட வேண்டும். நம் பக்கம் படுக்கையறைக்குப் போடும் இரண்டரை அடிக் கதவில் 28 அங்குலம்தான் மிஞ்சும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கதவகலம்’ என்பதைப் பலகையின் அளவுக்கு விட்டுவிட்டு, ஆள் போகிற அளவுக்குத் ‘திறப்பகலம்’ என்று தனியாக வைத்தால் இந்தத் தவறு நேராது.

சுவிட்ச், பிளக் பாயின்ட், தெர்மோஸ்டாட் ஆகியவை தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்கு ‘எட்டுயரம்’. சாய்தளம் என்ற சொல் வாக்குச்சாவடி வரை பரவிவிட்டது, அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

‘அடுக்குமாடிக் குடியிருப்பு’ பற்றியும் ஒரு எச்சரிக்கை. சட்டம் வீடுகளை எண்ணுகிறது, மாடிகளை எண்ணவில்லை. ஒரே தளத்தில் ஒட்டி ஒட்டி நான்கு வீடுகள் இருந்தாலும் போதும். மாடியே இல்லாத லைன் வீடுகளும், திருவல்லிக்கேணியில் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்பட்ட வீடுகளும் நமக்குத் தெரிந்தவைதானே. ‘தொகுப்பு வீடு’ என்றால் அரசு கட்டிக்கொடுக்கும் தனித்தனி வீடுகள் நினைவுக்கு வரும். எனவே ‘பலவீட்டுக் கட்டடம்’ என்கிறேன். கவர்ச்சியில்லாத சொல்தான், ஆனால் தவறாகப் புரியாது.

‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்பதில் அவசரமாகக் கவனம் தேவை. எந்திர மொழிபெயர்ப்பு அதை ‘நியாயமான தங்குமிடம்’ ஆக்கிவிடுகிறது. வீட்டுச் சட்டத்தில் இது வந்தால் படிப்பவர் வாடகையைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைப்பார். அங்கே பொருள், விதியையும் நடைமுறையையும் ஒருவருக்காக விட்டுக்கொடுப்பது. முதலில் வருபவருக்கே பார்க்கிங் என்ற கட்டடத்தில், நடக்க முடியாதவருக்கு வாசல் பக்கத்தில் ஒரு இடத்தை நிரந்தரமாக ஒதுக்குவது ஒரு எடுத்துக்காட்டு. ‘விதித்தளர்வு’ என்று இதற்கும், ‘கட்டட மாற்றம்’ என்று ‘மாடிஃபிகேஷன்’ என்பதற்கும் வைக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். யார் செலவு என்ற கேள்வி அதில்தான் இருக்கிறது.

தனி வீடுகளுக்கு இந்தச் சட்டத்தின் கட்டட விதிகள் இல்லை. அந்தக் குறையைப் பார்த்து அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் 1987-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவுகள், வாசல் தளத்திலேயே ஒரு கழிவறை. இவ்வளவு இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் நண்பர் வீட்டுக்குப் போக முடியும். ‘விசிட்டபிலிட்டி’ என்ற அந்தக் கருத்துக்கு ‘வந்துபோகும் வீடு’ என்பதைவிட நல்ல சொல் எனக்கு வேண்டியதில்லை. இதில் மட்டும் விவாதமே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன்.

இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2021-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் இதே பொருளைத் தொடுவதால், இந்தச் சொற்கள் அங்கும் பயன்படும். உட்பலகை மட்டும் நம் செங்கல் சுவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் முன்னேற்பாடு தேவைப்படும்: கழிவறைக் கதவை வெளிப்புறம் திறக்க வைப்பது, தளத்தை ஒரே மட்டமாகப் போடுவது எல்லாம் கட்டும்போதே செய்ய வேண்டியவை.

முடிவு செய்ய வேண்டியவை என்று நான் நினைப்பவை மூன்று. ‘முன்னேற்பாட்டு வீடு’ நீளம் என்று படுகிறவர்கள், பொருள் குறையாமல் சுருக்க வழி இருந்தால் எழுதுங்கள். ‘எட்டுயரம்’ எட்டு என்ற எண்ணோடு குழம்புமா, ‘கையெட்டுயரம்’ என்றே வைத்துவிடலாமா? அப்புறம், ‘திறப்பகலம்’ நான் கட்டிய சொல். நிலை அடிக்கும் ஆசாரிமார்கள் இந்த அளவுக்குத் தங்களுக்குள் ஏதாவது பேர் வைத்திருக்கக்கூடும். நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணம் எங்காவது அப்படி ஒரு வழக்கு இருந்து யாராவது கேட்டுச் சொன்னால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்.