மண்பிரி இணை: விகேரியன்ட் என்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நெருங்கிய உறவுள்ள இரண்டு சிற்றினங்கள் வெவ்வேறு இடத்திலோ மண்ணிலோ ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வாழ்ந்தால், அவற்றை ஆங்கிலத்தில் "விகேரியன்ட்" என்பார்கள். அதற்குத் தமிழில் "பதிலி இனம்" போதும் என்று நம் குழுவில் நெய்வேலி ஐயா எழுதியிருந்தார். மூலச்சொல்லைப் பார்த்தால் சரிதான். லத்தீனில் விகாரியுஸ் என்றால் இன்னொருவர் இடத்தில் நிற்பவர். ஆனால் பதிலி என்றதுமே ஒன்று அசல், மற்றது அதற்கு ஆள்மாற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இப்படி வாழும் இரண்டு செடிகளில் அசல் எது?

என் மகள் ஆஸ்திரியாவில், ஆல்ப்ஸ் மலையின் டிரோல் பகுதியிலுள்ள இன்ஸ்புருக்கில் படிக்கிறாள். போன முறை வந்தபோது நோட்டுக்குள் வைத்து இரண்டு இலை கொண்டுவந்தாள். அந்த ஊருக்கு வடக்கே இருப்பது சுண்ணாம்புப் பாறை மலை. தெற்கே பாட்ஷர்கோஃபெல், சுண்ணாம்பில்லாத பாறை. நடுவில் இன் ஆறு. இரு பக்கமும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் குட்டைப் புதர், நம் நீலகிரிக் காட்டுப்பூவரசுக்கு (ரோடோடென்ட்ரான்) பங்காளி. பூவை மட்டும் காட்டினால் எனக்குப் பிரித்துச் சொல்ல வராது. இலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். தெற்கு மலை இலையின் அடிப்பக்கம் முழுக்கத் துரு. நகத்தால் சுரண்டினேன், பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, அத்தனையும் நுண்செதில்கள். வடக்கு மலை இலை அடியிலும் பச்சைதான், ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரம் நெடுக இமைமயிர் மாதிரி நின்றது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர்களும் இதைத்தான் சொல்கின்றன: ஃபெருஜினியம், துருநிறத்தது, ஹிர்சூட்டம், மயிருள்ளது. துருவிலைப் பூவரசு, மயிரோரப் பூவரசு என்று நான் எழுதிவருகிறேன்.

துருவிலைக்கு அமில மண் வேண்டும், மயிரோரம் சுண்ணாம்பு மண்ணில் வாழும். சுண்ணாம்பு ஆகாத செடி எப்படியிருக்கும் என்பதை முத்தியால்பேட்டையில் என் வீட்டிலேயே பார்த்தேன். சுற்றுச்சுவர் கட்டி மிஞ்சிய கலவையை வெட்சிச் செடியின் அடியில் கொட்டிவிட்டார்கள். சில மாதத்தில் தளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்கு எட்டவில்லை. செம்மண் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் புதுத் தளிர் பச்சையாக வந்தது.

விகேரியன்டுக்கு வில்லியனூர் அம்மா சொன்ன "திணைமாற்றினம்" கேட்க எவ்வளவோ அழகு. முதலில் நானும் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் அம்மா, இரண்டு புதரும் மலைச்செடிகள். நம் கணக்கில் இரண்டுமே குறிஞ்சி. திணை மாறவே இல்லை, காலடி மண்தான் மாறுகிறது. போதாக்குறைக்கு "மாற்றினம்" என்றால் இன்றைய மாணவர் மரபணு மாற்றப் பயிர் என்றே நினைப்பார்.

என் முன்வைப்பு: மண்பிரி இணை. தனிச் சிற்றினத்தைச் சொல்ல மண்பிரி இணையினம். இந்த வார்ப்பில் சொற்களைப் பெருக்கவும் முடியும். கடல் பிரித்தவை கடல்பிரி இணை, மலைத்தொடர் பிரித்தவை மலைபிரி இணை, பொதுப்பெயராக நிலம்பிரி இணை. "பிரியிணை" என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். வாய்விட்டுச் சொன்னால் "பிரியா இணை" என்று காதில் விழுந்து பொருளே தலைகீழாகிவிடும்.

மண்தான் பிரித்தது என்று அடித்துச் சொல்வதாகாதா என்று தம்பி ஒருவர் தனிமடலில் கேட்டார். நல்ல கேள்வி. இங்கேதான் வினைத்தொகை கைகொடுக்கிறது. "மண்பிரி" என்பதை மண் பிரித்த என்றும் விரிக்கலாம், மண்ணால் பிரிந்த என்றும் விரிக்கலாம், மண்ணில் பிரிந்து நிற்கும் என்றும் விரிக்கலாம். காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. பிரிந்த வரலாறு தெரியாத இடத்திலும் கூசாமல் எழுதலாம். "மண்பிரிந்த" என்று யாரும் திருத்திவிடாதீர்கள், அந்த வசதி போய்விடும்.

பிரிவு முழுமையானதும் அல்ல. சுண்ணாம்புப் பாறை மேல் இலைமக்கு தடிமனாகச் சேர்ந்து அமிலமாகிவிட்டால் அங்கே துருவிலையும் வேர்விடும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் கலப்புச் செடி முளைக்கிறது. அதன் இலையில் கொஞ்சம் துருவும் இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் மயிரும் இருக்கும். அதற்குக் "கூடினம்" என்று வைக்கலாமா? பிரிவுக்கு எதிர் கூடல்தானே. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

இன்னொன்று. அதே டிரோல் பகுதியில் கிட்ஸ்பூயல் ஊரில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் உங்கர் 1836இல் மண்ணை வைத்துச் செடிகளை மூன்றாகப் பிரித்தார். அவர் ஜெர்மன் சொற்களுக்கு மண்விடாதவை (ஒரு வகை மண்ணில் மட்டும் வளர்பவை), மண்விரும்பிகள் (ஒரு வகை மண்ணை அதிகம் நாடுபவை), மண்பாராதவை (எந்த மண்ணிலும் வளர்பவை) என்று எழுதிப் பார்த்தேன். மண்பிரி இணையும் இவற்றோடு ஒரே குடும்பமாக அமைகிறது. மூன்றையும் சேர்த்தே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்பது என் எண்ணம்.

பாடக்குறிப்பில் வரப்போகும் வரி இது: "துருவிலைப் பூவரசும் மயிரோரப் பூவரசும் ஆல்ப்ஸ் மலையின் மண்பிரி இணை." பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளக்கமின்றிப் புரியுமா என்று வகுப்பெடுப்பவர்கள் படித்துக்காட்டிச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.