ஆச்சியின் முத்துமாலை: பல்லில் உரசினால் தெரிந்துவிடுமா?

தாமிரபரணிக்காரி கேட்டது:

ஆச்சி தன் முத்துமாலையை என் கையில் கொடுத்துவிட்டாள். 1959-இல் கல்யாணத்துக்குத் தாத்தா தூத்துக்குடியில் வாங்கிப் போட்டதாம். மொத்தம் 61 முத்து. ஓரத்தில் மிளகை விடச் சின்னது, உள்ளே வர வரப் பெரிசு, நடுவில் ஐந்து மட்டும் பச்சைப் பட்டாணி அளவு. நூல் இற்றுப்போனதால் மாற்றிக் கோர்க்கலாம் என்று கடைக்குப் போனேன். முதல் கடையில் பத்து விநாடி பார்த்துவிட்டு, "இது கல்ச்சர்மா, வளர்ப்பு முத்து, பெரிசா விலை போகாது" என்றார்கள். அடுத்த கடைப் பெரியவர் நடுமுத்து ஒன்றை வாயில் வைத்துப் பல்லில் உரசிவிட்டு, "சுத்த ஒரிஜினல்" என்றார். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா வினிகரில் போட்டுப் பார் என்கிறார்!

விற்கிற எண்ணம் இல்லை. கடலில் தானாக விளைந்ததா, வளர்த்ததா என்று தெரிந்தால் போதும். முத்தைக் கெடுக்காமல் பார்க்க வழி இருக்கிறதா?

கடலோரன்:

1959 என்றால் சந்தேகமே வேண்டாம் தங்கச்சி, நம்ம கடல் முத்துதான். 1955 முதல் 1961 வரை இங்கே தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது கடலில் முத்துக் குளிப்பு, நடந்தது, அதற்கப்புறம் நடக்கவே இல்லை. எங்கள் தாத்தா பாரில், அதாவது கடலடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டில், முத்துக் குளித்தவர். சிப்பியைக் குவித்து அழுகவிடுகிற நாற்றம் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். இந்தியாவில் வளர்ப்பு முத்து வந்ததே 1973-இல்தான். அதுவும் எங்கள் ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அழகர்சாமி எடுத்துக் காட்டியது. தாத்தா வாங்கியது அதற்கு 14 வருஷம் முந்தி.

பழைய லேப் அக்கா:

அண்ணாச்சி சொன்ன வருஷமெல்லாம் சரி, முடிவுதான் சரியில்லை. இந்தியாவில் 1973, ஆனால் ஜப்பான் வளர்ப்பு முத்து 1920-களிலேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. 59-இல் தூத்துக்குடிக் கடையில் ஜப்பான் முத்து இருந்திருக்க முடியாது என்று யார் சொல்ல முடியும்?

நான் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருஷம் வேலை பார்த்தவள். முதலில் வினிகர் பாட்டிலைச் சித்தப்பாவிடமிருந்து வாங்கி ஒளித்துவையுங்கள். முத்து என்பது முக்கால்வாசிக்கு மேல் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் கரையும். ஒரு அம்மா எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் நல்ல இயற்கை முத்து. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பல்லில் உரசுவது பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில்தான். முத்தின் மேல்பூச்சு அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) சில்லுகளை அடுக்கியது. ஒவ்வொன்றும் அரை மைக்ரான் கனம் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதுதான் பல்லில் நறநறக்கிறது. கண்ணாடி, பிளாஸ்டிக் என்றால் வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்துக்கும் மேலே அதே பூச்சுதானே, அதுவும் நறநறக்கும். வளர்ப்பு என்றால் போலி இல்லை, அதுவும் சிப்பி போட்ட முத்துதான். உள்ளே மனுஷன் வைத்த உருண்டை ஒன்று இருக்கும், அவ்வளவுதான். அந்த உருண்டை பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்பக்க நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்தது. கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துண்டு வைப்பார்கள். அந்தச் சதைதான் பூச்சைச் சுரக்கிறது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பும் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ்) மொபைல் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நூல் நுழைகிற துளைக்குள் பாருங்கள். விளிம்புக்குச் சற்று உள்ளே, தேங்காய் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே தெரிகிற மாதிரி சுற்றிலும் ஒரு கோடு தெரிந்தால் உள்ளே உருண்டை இருக்கிறது. துளையின் அகலத்தையும் கவனியுங்கள். இயற்கை முத்தை எடை போட்டு விற்பார்கள், அதனால் துளையை ஊசி போலத்தான் போடுவார்கள்.

கோடு தெரியவில்லை என்பதால் இயற்கை என்று ஆகிவிடாது. சீனாவின் நன்னீர் முத்தில் உருண்டையே வைக்காமல் சதைத் துண்டு மட்டும் வைப்பது சர்வசாதாரணம். அதற்கு எக்ஸ்ரேதான். இயற்கை முத்து வெங்காயம் மாதிரி நடுவிலிருந்தே வளையம் வளையமாகத் தெரியும். சதை மட்டும் வைத்ததில் நடுவே கோணல்மாணலாக ஒரு பொந்து தெரியும். நன்னீர் உருண்டை வைத்தது எக்ஸ்ரே பட்டால் மங்கலாக ஒளிரவும் செய்யும், மாங்கனீஸ் இருப்பதால். சுவிட்சர்லாந்தில் 2013-இல் முத்துக்குள்ளிருந்து துளித் தூள் எடுத்து, டிஎன்ஏவை வைத்து எந்த வகைச் சிப்பி என்றே சொல்லிவிட்டார்கள். உங்கள் மாலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. மன்னார் வளைகுடாச் சிப்பி சின்னது, முத்தும் பெரும்பாலும் பொடிசு. பட்டாணி அளவில், ஒன்றுபோல் ஐந்து?

தாமிரபரணிக்காரி:

அக்கா, வாட்ச் ரிப்பேர்க் கடையில் லூப் இரவல் வாங்கி நேற்று ராத்திரி முழுக்கப் பார்த்தேன். நடு ஐந்திலும் கோடு இருக்கிறது, துளையும் அகலம். மற்ற 56-இல் கோடு இல்லை, சிலதில் ஊசியே நுழையவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு விசேஷத்துக்கு இரவல் போட்டுக்கொண்டு போனபோது கிணற்றடியில் நூல் அறுந்து, நடுமுத்து ஐந்தும் ஜலதாரையில் போய்விட்டதாம். பத்தர் வேறு ஐந்து வைத்துக் கோர்த்துக் கொடுத்திருக்கிறார். மாமியாரிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை!

கடலோரன்:

அப்போ 56-க்கு நான் சொன்னதுதான் சரி.

பழைய லேப் அக்கா:

எக்ஸ்ரே எடுத்த பிறகு சொல்லுங்கள் அண்ணாச்சி.

தங்கச்சி, அந்த ஐந்தையும் எடுத்துவிடாதீர்கள், ஆச்சி கண்டுபிடித்துவிடுவாள். மாலையைப் பிரிக்காமலே எக்ஸ்ரே எடுக்கலாம், அதை முதலில் முடியுங்கள். அப்புறம் பட்டு நூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.