கலைச்சொல் விவாதம்: விளையாட்டுப் பாத்திரத்தின் ‘ரேஸ்’ – இனமா, வழிமரபா, கணமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் மேசைப் பாத்திர விளையாட்டுகளுக்கான சொற்தொகுப்பில், பாத்திரம் மனிதரா வேறு உயிரா என்பதைக் குறிக்கும் ‘ரேஸ்’ என்பதற்கு எதிரே இப்போது ‘இனம்’ இருக்கிறது. மனிதர், எல்ஃப், ட்வார்ஃப் வரைக்கும் அது ஓடிவிடும். திரி-கிரீன் (பூச்சியுடலார்), பிளாஸ்மாய்டு (கூழுடலார்), வார்ஃபோர்ஜ்டு (செய்யப்பட்ட போர்வீரர்) என்று வந்தால் இடிக்கிறது. ஆங்கிலத்திலும் சொல் மாறிக்கொண்டேதான் வருகிறது. பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு 2019-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது ‘ஆன்செஸ்ட்ரி’ என்று மாற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் 2024 ஆட்டக்காரர் கையேட்டில் ‘ஸ்பீசீஸ்’ என்றாகிவிட்டது. ஆகவே அவ்விரண்டுக்கும் நிகராக ‘வழிமரபு’, ‘சிற்றினம்’ இரண்டையும் முன்வைக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

———

> ‘வழிமரபு’, ‘சிற்றினம்’ இரண்டையும் முன்வைக்கிறேன்

ஐயா, வணக்கம். இரண்டுமே சரிப்படாது என்பது என் கருத்து. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எபெரான் என்ற கற்பனை உலகத்து வார்ஃபோர்ஜ்டு போருக்காக மரத்தாலும் உலோகத்தாலும் செய்யப்பட்டவர்கள். முன்னோரே இல்லாதவர்களுக்கு வழிமரபு எங்கிருந்து வரும்? சிற்றினம் உயிரியல் பாடத்தின் சொல். அதைக் கேட்டதும் இனப்பெருக்கமும் வகைப்பாட்டியலும்தான் நினைவுக்கு வரும். ‘குலம்’ என்று யாரும் சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். சாதியைச் சுட்டும் சொல்லைப் பாத்திரத் தாளில் அச்சிடவே கூடாது.

‘இனம்’ ஏன் கூடாது என்பதற்கு விதியிலிருந்தே காரணம் காட்டலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ‘ரேஸ்’ ஒன்று, எந்த மந்திரம் யாரைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ‘கிரியேச்சர் டைப்’ வேறொன்று. ஆளை அசையவிடாமல் நிறுத்தும் ஹோல்ட் பர்சன் என்ற மந்திரம், மனிதர், எல்ஃப், ஓர்க் முதலியோர் அடங்கும் ஹ்யூமனாய்டு என்ற டைப்பை மட்டுமே கட்டும். இதை ‘மனித இனத்தை மட்டும் கட்டும்’ என்று எழுதினால் எல்ஃபும் ஓர்க்கும் தப்பிவிடுவதாகப் படிக்கப்படும். உண்மையில் அவர்கள் தப்பமாட்டார்கள். ‘மனித உருவினர்’ என்று எழுதினால் தவறு மறுபக்கம் சாயும். பிளாஸ்மாய்டு தலை, கை, கால் எல்லாம் வரவழைத்துக்கொண்டு மனித உருவில் நிற்கலாம், ஆனாலும் அதன் டைப் கூழ்தான், மந்திரம் பிடிக்காது.

இன்னொரு இணையைப் பாருங்கள். வார்ஃபோர்ஜ்டும், ஆட்டோநோம் என்ற இயந்திரக் குள்ளரும் செய்யப்பட்டவர்களே. 2019 எபெரான் நூலின்படி வார்ஃபோர்ஜ்டு ஆட்டக்காரரின் பாத்திரமாக வரும்போது ஹ்யூமனாய்டு. 2022-இல் ஸ்பெல்ஜாமர் என்ற நூல் தொகுப்பில் வந்த ஆட்டோநோமோ கன்ஸ்ட்ரக்ட், அதாவது செய்பொருள் என்ற டைப். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி, காயம் ஆற்றும் கியூர் ஊண்ட்ஸ் மந்திரம் கன்ஸ்ட்ரக்டுகளுக்குப் பலிக்காது. அதனால்தான் கியூர் ஊண்ட்ஸ், ஹீலிங் வேர்ட் முதலியவை தனக்குப் பலிக்கும் என்று ஆட்டோநோமின் பண்புகளில் தனியே எழுதியிருக்கிறார்கள். ரேஸ், டைப் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை வைத்தால், அந்த வரி ஏன் இருக்கிறது என்றே புரியாது. ஆட்ட நடத்துநர் ஒருவர் அதைத் தேவையற்றது என்று விட்டுவிட்டால், அடிபட்ட பாத்திரத்துக்குக் குழுவின் மருத்துவரிடமுள்ள இந்த மந்திரங்கள் உதவாது.

நான் முன்வைப்பது:

ரேஸ், ஸ்பீசீஸ், ஆன்செஸ்ட்ரி – கணம்
கிரியேச்சர் டைப் – இயல்வகை

பதினெண் கணம் என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தேவர், அசுரர், கருடர், இயக்கர், உரகர், பூதர் என்று இறகுள்ளோர், பாம்புடலோர், உடலே தெளிவில்லாதோர் எல்லாரும் அந்த ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மனிதரல்லாதோரைத் தொகுத்துச் சொல்லத் தமிழ் பழகிய சொல் இது.

———

கணம் காதுக்கு இனிமைதான். ஆனால் பள்ளிக் கணக்கில் ‘கணங்கள்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. ரேஸுக்குள் உட்பிரிவான ‘சப்ரேஸ்’ என்பதை ‘உட்கணம்’ ஆக்கினால் அது அங்கே வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொல். வேளையைக் குறிக்கும் கணமும் உண்டு. யாராவது ‘மறுகணம்’ என்று ஒரு சொல் உண்டாக்கினால் ‘அடுத்த நொடி’ என்றுதான் படிப்போம். சுற்று, முறை என்று நேரத்தை எண்ணியே ஆடும் விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை.

———

> சப்ரேஸ் என்பதை ‘உட்கணம்’ ஆக்கினால்

சரியான எதிர்ப்பு, ஏற்கிறேன். உட்கணம் வேண்டாம், ‘கிளை’ போதும். எல்ஃபர் கணம், வன எல்ஃபர் கிளை. பாத்ஃபைண்டரின் ‘ஹெரிட்டேஜ்’ என்பதற்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும், கணத்தைத் தேர்ந்தவுடன் அதற்குள் எடுப்பதுதான் அது.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு. 2021-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ரேவன்லாஃப்ட் நூலில் வந்த தாம்பிர் (பாதி இரத்தக்காட்டேரி), ஹெக்ஸ்பிளட், ரீபார்ன் மூன்றும் ‘லினியேஜ்’, அதாவது கணத்துக்குப் பதிலாக எடுப்பவை. ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பாத்திரம் தாம்பிர் ஆகலாம். அப்போது பழைய கணத்தின் பண்புகள் போய்விடும். அது தந்த திறன் தேர்ச்சிகளையும், ஏறும், பறக்கும், நீந்தும் வேகங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாத்ஃபைண்டரிலோ தாம்பிர், எந்தக் கணத்தின் மேலும் ஏற்றக்கூடிய ஒரு ஹெரிட்டேஜ். அடியிலுள்ள கணம் அப்படியே இருக்கும். இரண்டையும் ‘கிளை’ என்றால் தவறு. இவற்றுக்குத் ‘திரிபு’ என்று வைக்கலாம். எது அழியும், எது நிற்கும் என்பதை அந்தந்த விதி சொல்லட்டும்.

நேரக் கணம் பற்றிய ஐயத்துக்கு: விதித்தொகுப்பில் நேரத்துக்குச் ‘சுற்று’, ‘நொடி’ மட்டுமே எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம்.

———

ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: திணை. ‘திரி-கிரீன் தூங்காது’ என்பதா, ‘தூங்கமாட்டார்’ என்பதா? ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்பது நன்னூல். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் நான்கு கைப் பூச்சியுடலார் அஃறிணைக்குப் போய்விடுவார். மேசையில் அந்தப் பாத்திரத்தை ஒருவர் பேசி நடிக்கிறாரே! கணம் என்ற சொல்லை ஏற்றால் கருடர், உரகர் போலவே ‘-அர்’ விகுதி தானாக வந்து ஒட்டும்: திரிகிரீனர், பிளாஸ்மாய்டர். ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய கணம் எல்லாம் உயர்திணை என்று எழுத்து நடைக் குறிப்பிலேயே சேர்த்துவிடுவோம். பண்பு வரிகளை ‘நீங்கள்’ என்று முன்னிலையில் எழுதினால் பாதிச் சிக்கல் எழவே எழாது. எழுதிப் பார்த்தேன்:

கணம்: பிளாஸ்மாய்டர்
இயல்வகை: கூழ்
கணப்பண்பு, நெகிழுடல்: எதையும் அணியாமலும் சுமக்காமலும் இருந்தால் 1 அங்குல அகல இடுக்கிலும் நுழைந்து செல்வீர்கள்.
கணப்பண்பு, பொய்க்கை: 6 அங்குல அகலம், 10 அடி நீளம் வரை உடலிலிருந்து ஒரு கையை நீட்டலாம். கதவைத் திறக்கலாம், சிறுபொருளை எடுக்கலாம். அதனால் தாக்க முடியாது, மந்திரப் பொருளை இயக்க முடியாது, 10 பவுண்டுக்கு மேல் தூக்கவும் முடியாது.

‘பொய்க்கை’ என்றால் மரக்கை என்று தோன்றுகிறதா? அமீபாவுக்குப் ‘போலிக்கால்’ என்று பாடநூலில் படித்திருக்கிறோம். ‘போலிக்கை’ என்று மாற்றிவிடலாமா என்று மட்டும் சொல்லுங்கள். மற்ற சொற்களைத் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.