குன்னூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் விருந்து: நல்ல இடம் என்று முன்கூட்டியே அறிவது எப்படி?

மேட்டுப்பாளையம் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை பங்களாவில் நடக்கும் ரோஸ்ட் விருந்தைப் (முழுக் கறித்துண்டை ஓவனில் வேகவைத்து, அறுத்து, கிரேவியோடு பரிமாறும் ஆங்கிலேயர் சாப்பாடு) பற்றியும், அந்த வாசனை குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்ததைப் பற்றியும் எங்கள் சிறுவயது முதலே சொல்லி வருகிறார். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அடுத்த மாதம் அவருக்கு 75 வயது நிறைவடைகிறது. பழைய பங்களாக்களை விடுதிகளாக நடத்தும் இடம் ஒன்றுக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்துச் சென்று அந்தச் சாப்பாட்டை வாங்கித்தர வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற ஆண்டு தோழிகளோடு ஒரு விடுதியில் இதைச் சாப்பிட்டேன். கறி நார் நாராக வறண்டிருந்தது. மேலே ஊற்றிய கிரேவி பாக்கெட் பொடியைக் கரைத்ததுபோல் இருந்தது. அப்பாவுக்கு அப்படி அமைந்துவிடக் கூடாது என்று கவலையாக இருக்கிறது. அம்மா மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். காரமில்லாத சாப்பாடு இருவருக்குமே பழக்கமில்லை. நல்ல இடமா என்பதைப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

கோத்தகிரி சமையற்காரர்:

வணக்கம் அம்மா. நான் இந்த மலையில் விடுதிச் சமையலறைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவன். தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டை எத்தனை மணிக்கு ஓவனிலிருந்து இறக்குவீர்கள்?" பன்னிரண்டரை, ஒரு மணி என்று குறிப்பான நேரம் சொன்னால் அன்று காலையில் முழுத் தொடையாக வேகவைத்து, உங்களுக்காகவே அறுத்துத் தருகிறார்கள் என்று நம்பலாம். "எப்போது வந்தாலும் கிடைக்கும்" என்றால், முந்தின நாளே வெந்த கறியைத் துண்டு போட்டு, கிரேவியில் சூடுகாட்டித் தருகிறார்கள் என்று பொருள். நீங்கள் சாப்பிட்டதும் அநேகமாக அப்படிப்பட்டதுதான்.

செய்யும் முறை தெரிந்தால் தட்டில் வருவதை நீங்களே எடைபோடலாம். இரண்டு கிலோ எடையுள்ள செம்மறித் தொடைக்கு முந்தின இரவே உப்புத் தடவி, கத்தி முனையால் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு பூண்டுச் சீவலும் இங்கேயே விளையும் ரோஸ்மேரி இலையும் செருகி வைப்போம். முதல் இருபது நிமிடம் 220 டிகிரியில் மேற்புறம் சிவக்க விட்டு, பிறகு 170 டிகிரிக்குக் குறைத்து, நம் மக்களுக்குப் பிடித்தபடி நன்றாக வேக, மொத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்போம். இறக்கியதும் அறுக்கக் கூடாது. அரை மணி நேரம் அப்படியே இருந்தால்தான் சாறு கறிக்குள் தங்கும். அவசரப்பட்டு அறுத்தால் சாறு பலகையில் ஓடிவிடும், கறி வறண்டுவிடும். அந்த அரை மணியில்தான் கிரேவி தயாராகும். தட்டத்தில் இறங்கிய கொழுப்பில் பெரும்பகுதியை வடித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு கரண்டி மைதாவைச் சிவக்க வறுத்து, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பொருக்கை மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கரைக்க வேண்டும். சுவை முழுவதும் அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. நல்ல கிரேவி தண்ணீராகவும் ஓடாது, பசையாகவும் நிற்காது. கறியின் வாசனைதான் அதில் முன்னால் வரும்.

எந்த ஆடு என்றும் கேளுங்கள். நம் கறிக்கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு. குழம்புக்கு அருமையான அந்தக் கறி ஓவனில் காய்ந்துவிடும். செம்மறி இல்லை என்றால் முழுக்கோழி ரோஸ்ட் சொல்லிவிடுங்கள்.

கேத்தி விவசாயி:

கறியைப் பற்றிச் சமையற்கார ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தட்டில் பாதி எங்கள் பொருள் என்பதால் உருளைக்கிழங்கைப் பற்றி எழுதுகிறேன். முதலில் அரைவேக்காடாக அவித்து, பாத்திரத்தை மூடிக் குலுக்கி, ஓரமெல்லாம் பொரபொரவென்று ஆன பிறகே சூடான கொழுப்பில் போட வேண்டும். அந்தப் பொரபொரப்புத்தான் மொறுமொறுப்பாக மாறும். நம் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை ஏறாது. குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலும், ஊட்டியில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். அதனால் கிழங்கும் கேரட்டும் சமவெளியைவிட அதிக நேரம் கொதிக்க வேண்டும். கீழேயிருந்து புதிதாக வந்த சமையற்காரர்கள் இதை அறியாமல் நடுவில் வேகாத கிழங்கைத் தந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெலிங்டன் ஆசிரியை:

மகளே, உங்கள் பெற்றோரின் நாக்கைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இங்கிலாந்தில் ஞாயிறு காலை கறியை அடுப்பில் வைத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போய், திரும்பி வந்து குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்ட உணவு இது; மசாலா இல்லாமல் கறியின் சொந்தச் சுவையை உண்பதுதான் இதன் முறை. ஆனால் உடன்வரும் தொட்டுக்கொள்ளும் வகைகளில் காரமும் புளிப்பும் உண்டு. ஆட்டுக்கறிக்குப் புதினாவைப் பொடியாக நறுக்கி வினிகரும் சர்க்கரையும் சேர்த்த சாஸ் வரும். இங்கிலீஷ் கடுகு ஒரு துளி போதும், மூக்கில் ஏறும். மாட்டுக்கறிக்கு அவர்கள் நாட்டில் ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான வேரைத் துருவி வைப்பார்கள். அது கிடைக்காத இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் முருங்கை வேரைத் துருவிக்கொண்டார்கள். அந்த வேர்ப்பட்டையில் நஞ்சு உண்டு என்பதால் வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

யார்க்‌ஷயர் புட்டிங் வந்தால் இனிப்பு என்று எண்ணி அம்மா ஒதுக்கிவிடப் போகிறார். அது மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் உப்ப வைத்தது. நடுக்குழியில் கிரேவியை ஊற்றிச் சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் கணப்பில் சுழலும் கறிக்கு அடியில் மாவுத் தட்டத்தை வைத்து, சொட்டும் கொழுப்பை அதில் பிடித்தார்கள். கறி குறைவாக இருந்த வீடுகளில் வயிற்றை நிரப்ப இதையே முதலில் பரிமாறினார்கள். மாட்டுக்கறியோடு சேர்ந்தது இது என்றாலும், ஆட்டுக்கறியோடு கேட்டாலும் இங்கே தருகிறார்கள்.

இவ்வளவும் சப்பென்று இருக்கும் என்று அஞ்சினால் வேறொரு வழி உண்டு. ஓவன் இல்லாத ஆங்கிலோ இந்திய வீடுகளில் முழுக் கறித்துண்டை மிளகு, காய்ந்த மிளகாய், பட்டையோடு கனமான பாத்திரத்தில் மூடி வேகவைத்து, நீர் வற்றியதும் அதிலேயே சிவக்க வறுப்பார்கள். இரண்டு நாள் முன்பே சொன்னால் சில இடங்களில் செய்து தருவார்கள்.

கோத்தகிரி சமையற்காரர்:

ஆசிரியை அம்மா சொல்லும் மிளகு ரோஸ்ட் மிகச் சுவையானது, நானும் செய்கிறேன். ஆனால் இந்த ஐயா இத்தனை ஆண்டுகள் ஆசைப்பட்டது பங்களாவிலிருந்து வந்த அந்த வாசனைக்கு. அவருக்கு ஓவன் ரோஸ்டையே கொடுங்கள், அம்மாவுக்கு வேண்டுமானால் மிளகு ரோஸ்ட் சொல்லுங்கள். பல விடுதிகளில் கறியைச் சமையலறையிலேயே அறுத்துக் கொண்டுவருவார்கள். மேசைக்கு அருகில் வைத்து அறுக்கச் சொல்லிக் கேளுங்கள். முழுத் தொடை வருவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மேட்டுப்பாளையம் மகள்:

மனமார்ந்த நன்றி. இன்று இரண்டு விடுதிகளுக்குப் பேசினேன். ஒன்றில் "எப்போதும் உண்டு" என்றார்கள். மற்றொன்றில் பன்னிரண்டே முக்காலுக்கு இறக்குவோம், ஒன்றேகாலுக்கு உட்காருங்கள், செம்மறித் தொடைக்கு வியாழக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். அங்கேயே முன்பதிவு செய்துவிட்டேன். அப்பா மலை ரயிலில் போக வேண்டும் என்கிறார். அன்றே திரும்ப முடியுமா?

கேத்தி விவசாயி:

போவதற்கு ரயில் சரியாக இருக்கும். காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறினால் முற்பகலிலேயே குன்னூரில் இறங்கிவிடலாம். திரும்புவதற்கு அது ஒத்துவராது. ஊட்டியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பும் வண்டி குன்னூரைத் தாண்டும்போது நீங்கள் அநேகமாக மேசையில்தான் இருப்பீர்கள், இந்தச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். வாடகைக் காரை மேலே வரச் சொல்லிவிடுங்கள். வெளிமாவட்ட வண்டி என்றால் நீலகிரிக்குள் வருவதற்கான இணைய அனுமதியான இ-பாஸ் எடுத்துவிட்டார்களா என்று ஓட்டுநரிடம் சனிக்கிழமையே கேட்டுக்கொள்ளுங்கள்.